யூஎஸ்பி ஹெட்செட்டில் ஒலி வரவில்லையா? எதையும் நீக்குவதற்கு முன்

திருப்பூர், அவிநாசிப் பகுதி பனியன் கம்பெனி அலுவலகங்களில் லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் பணி செய்துவரும் எனக்கு, வெளிநாட்டு பையருடன் வீடியோ கால் தொடங்கும் நேரத்தில் யூஎஸ்பி ஹெட்செட் வேலை செய்யவில்லை என்ற அழைப்பு அடிக்கடி வருகிறது. சில இடங்களில், நான் போய்ச் சேர்வதற்குள் யாரேனும் இணையத்தில் கண்ட கட்டளையை அப்படியே ஒட்டி, ஒலியை நிர்வகிக்கும் பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருளை நீக்கியிருப்பார்கள். அதனுடன் டெஸ்க்டாப் தொகுப்புகளும் நீக்கப்படும் என்று திரையில் வந்த பட்டியலைப் படிக்காமலே ‘ஒய்’ அழுத்தியிருப்பார்கள். ஒலி மட்டும் வராதிருந்த கணினியில் அதற்குப் பிறகு டெஸ்க்டாப்பும் வராது.

ஒலி எந்த இடத்தில் தடைபட்டது என்று தெரியாமல் எதையும் நீக்கவோ லினக்ஸை மறுபடி நிறுவவோ கூடாது. முதலில், கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான டெர்மினலில் ‘எல்எஸ்யூஎஸ்பி’ (lsusb) கட்டளையைக் கொடுங்கள்; யூஎஸ்பியில் இணைந்திருக்கும் சாதனங்களை அது பட்டியலிடும். அந்தப் பட்டியலில் ஹெட்செட் இல்லையென்றால் ஒலி அமைப்புகளில் தேடிப் பயனில்லை. கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ போர்ட்டிலோ மின்சாரத்திலோதான் இருக்கும். எங்கள் பகுதியில் நிட்டிங் கூடத்தை ஒட்டிய அறைகளில் சிபியுவின் முன்பக்கப் போர்ட்டுகளுக்குள் பஞ்சுத்தூசி படிந்திருப்பதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். கணினியை அணைத்து, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, ஹப் இல்லாமல் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். செருகியவுடன் ‘டிமெசேஜ்’ (dmesg) கட்டளை காட்டும் வரிகளில் ‘எரர் -71’ திரும்பத் திரும்ப வந்தால், கேபிளையோ போர்ட்டையோ மாற்றிச் சோதிக்க வேண்டும்.

பட்டியலில் ஹெட்செட் இருந்தால் அடுத்து, கணினிக்குத் தெரியும் சவுண்ட் கார்டுகளைப் பட்டியலிடும் ‘ஏபிளே -எல்’ (aplay -l) கட்டளையைக் கொடுங்கள். பெரும்பாலான ஹெட்செட்டுகள் யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றுவதால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுடன் வரும் ஆல்சா என்ற ஒலி டிரைவரே அவற்றை ஒரு சவுண்ட் கார்டாக ஏற்றுக்கொள்ளும். தனி டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை.

கார்டு தெரிந்தும் ஒலி வராத நிலையைத்தான் நான் மிகுதியாகச் சந்திக்கிறேன். எச்டிஎம்ஐ மானிட்டரோ மதர்போர்டின் சவுண்ட் கார்டோ இயல்பு வெளியீடாக அமர்ந்திருக்கும், அல்லது ‘பாவுகன்ட்ரோல்’ (pavucontrol) என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியின் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் ஹெட்செட்டின் புரொஃபைல் ‘ஆஃப்’ என்றிருக்கும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.10 பதிப்பு முதல் பல்ஸ்ஆடியோவின் இடத்தில் பைப்வயர் என்ற மென்பொருள் இயல்பாக வந்துவிட்டாலும் இந்தச் செயலி அதிலும் வேலை செய்கிறது. அங்கே எல்லாம் சரியாக இருந்தால் டெர்மினலில் ‘ஆல்சாமிக்சர்’ (alsamixer) திறந்து, எஃப்6 அழுத்தி ஹெட்செட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒலித்தூணின் அடியில் ‘எம்எம்’ என்றிருந்தால் ஒலி அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள், எம் விசையை ஒருமுறை தட்டினால் அது ‘ஓஓ’ என்று மாறித் திறந்துகொள்ளும். கணினியை மறுபடி தொடங்கும்போது கார்டுகளின் எண் மாறக்கூடும் என்பதால், அமைப்புக் கோப்புகளில் கார்டை எண்ணால் அல்லாமல் பெயரால் குறிப்பிடுவதே நல்லது.

மைக்குக்கும் இதே வரிசைதான். ஆல்சாமிக்சரில் எஃப்4 பக்கத்தைப் பாருங்கள். கால் தொடங்குவதற்கு முன் ‘ஏரெக்கார்ட்’ (arecord) கட்டளை கொண்டு சில நொடிகள் பேசிப் பதிவுசெய்து கேளுங்கள். பதிவில் உங்கள் குரல் தெளிவாக இருந்தும் எதிர்முனைக்குக் கேட்கவில்லையென்றால், பிரவுசரில் அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி தரப்பட்டிருக்கிறதா, எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.