கிருமி போன பிறகும் மூச்சு வாங்குவது ஏன்?

"டிபி கோர்ஸ் முடிஞ்சிருச்சு, சளியில கிருமி இல்லைன்னுட்டாங்க. ஆனா மாடி ஏறினா மூச்சு வாங்குது, டாக்டர்." நெஞ்சுநோய்ப் பிரிவில் இதை அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர்கள் பெரும்பாலும் ஆறு மாதமும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள். அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை.

காசநோயில் நுரையீரலுக்கு வரும் சேதத்தில் பெரும்பங்கு நம் உடலின் எதிர்ப்பு அணுக்களே செய்வது. கிருமியை எதிர்க்கத் திரளும் நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் அணுக்கள் சில நொதிகளைச் சுரக்கின்றன. அவற்றில் எம்எம்பி-1 முக்கியமானது. நுரையீரலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் இழைகளை அறுப்பது அதன் வேலை. நோயாளிகளின் சளியில் இந்த நொதி கூடியிருப்பதையும், எக்ஸ்ரேயில் தெரியும் சேதத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இழை அறுந்த இடத்தில் குழி விழுகிறது. காற்று நிறைந்த அந்தக் குழிக்குள் கிருமி பல்கிப் பெருகி, இருமலோடு வெளியேறி வீட்டாருக்கும் தொற்றுகிறது. குழி ஆறினாலும் தழும்பு நிற்கும். தழும்பு இழுக்க, மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும். மாத்திரை கிருமியைக் கொல்லும். விழுந்த தழும்பை எடுக்காது. அதனால்தான் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு மருந்துக்கடை சிரப்பை மாற்றி மாற்றிக் குடிப்பது எனக்கு அவ்வளவு வருத்தம் தருகிறது. அந்த மாதங்களில்தான் நுரையீரல் போகிறது.

உடலில் இப்படி அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறும் புரதம் சிஆர்பி. அதைப் பார்ப்பது எளிது. எச்ஐவி உள்ளவர்களிடம் காசநோயைச் சல்லடை போட்டுத் தேட அதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. ஆனால் நிமோனியாவிலும் சிஆர்பி ஏறும். அது இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தவும் கூடாது. எம்எம்பி நொதிகள், ஐஎல்-6 எனும் அழற்சிப் புரதம் போன்றவற்றைப் பார்க்கும் சோதனைகள் இன்னும் ஆய்வுக்கூட அளவில்தான் இருக்கின்றன. இவற்றுக்காகக் கைக்காசைச் செலவழிக்க வேண்டாம். காசநோயைக் கண்டறிய இரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் பார்க்கும் சோதனைகளை இந்திய அரசு 2012-லேயே தடைசெய்துவிட்டது.

இன்னொன்று. பழைய தழும்பை எக்ஸ்ரேயில் பார்த்ததும் "மறுபடியும் டிபி" என்று மருந்தைத் தொடங்கிவிடுவது உண்டு. முதலில் சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள். அண்மையில் கோர்ஸ் முடித்தவருக்கு, சளியில் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சிபிநாட் சோதனை மட்டும் போதாது. அது செத்த கிருமியின் மரபுப்பொருளையும் காட்டிவிடும். சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்தால்தான் உயிருள்ள கிருமி இருக்கிறதா என்று தெளிவாகும். இருமலில் இரத்தம் வந்தால் எதற்கும் காத்திருக்காதீர்கள், உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

தேசியக் காசநோய்த் திட்டப்படி, சிகிச்சை முடிந்தபின் 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் மறுபரிசோதனை உண்டு. அப்போது கிருமியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மூச்சு வாங்குவதைச் சொல்லுங்கள். ஸ்பைரோமெட்ரி எனும் ஊதிப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். மூச்சுக்குழாய் அடைப்பு தெரிந்தால் பலருக்கு இன்ஹேலர் உதவும். மூச்சுப் பயிற்சியும், பீடி சிகரெட்டை விடுவதும் எல்லோருக்கும் உதவும்.