வீட்டு வரைபடத்தில் எந்தக் கோட்டை முதலில் திருத்துவது?

பத்திரத்தில் 30×40 அடி என்று இருக்கும். மனை மூலைமட்டத்தில் இருக்கிறதா என்பதைப் பத்திரம் சொல்லாது. நாடாவைக் குறுக்கே பிடித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் 50 அடி வந்தால் மனை சரியான செவ்வகம். ஒன்று 49, மற்றது 51 என்று வந்தால் பின்பக்கம் ஒன்றரை அடிக்கு மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். செவ்வகமாக வரைந்த வீட்டை அதில் வைத்தால், ஒரு பக்கச் சந்து 3 அடியில் தொடங்கி ஒன்றரை அடியில் முடியும். இது அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் அன்று தெரியவந்தால் அங்கேயே அவசரமாக அறைகளைக் குறுக்குவார்கள். அப்படிக் குறுக்கிய அறை நல்ல அறையாக அமைவது அரிது.

அடுத்தது சுவரின் கனம். கிழக்குப் பார்த்த 30×40 மனையில் முன்னால் 5 அடி, மற்ற மூன்று பக்கமும் 3 அடி விட்டதாக வைத்துக்கொள்வோம். (விட வேண்டிய இடம் சாலையின் அகலத்தையும் உள்ளாட்சி விதியையும் பொறுத்து மாறும்.) வீட்டின் வெளி அளவு 24×32 அடி. 24 அடி அகலத்தில் இரண்டு அறை என்றால் ஆளுக்கு 12 அடி என்றுதான் மனம் கணக்குப் போடும். வெளிச்சுவர் இரண்டும் 9 அங்குலம், நடுச்சுவர் 4½ அங்குலம், உள்பக்கப் பூச்சு நான்கு முகத்துக்கும் அரை அரை அங்குலம். மொத்தம் 24½ அங்குலம் போய்விடும். கையில் கிடைப்பது அறைக்கு 11 அடி, அதிலும் கால் அங்குலம் குறைவு. ஆகவே வரைபடத்தில் உள் அளவு எழுதியிருக்கிறதா, வெளி அளவா, சுவரின் மைய அளவா என்பதைக் கேட்டுத் தெளிந்த பிறகே பேச்சைத் தொடர வேண்டும்.

திருத்தத்துக்கு ஒரு வரிசை உண்டு. பிறகு நகர்த்தவே முடியாதவற்றை முதலில் முடிக்க வேண்டும். மாடிப்படி, கழிவுநீர்க் குழாய், பில்லர் ஆகிய மூன்றும் இடம் பிடித்த பிறகுதான் ஹாலின் அழகு. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஹால், பூஜை அறை எல்லாம் முடிவாகி, மிச்சமிருக்கும் மூலையில் படியைத் திணிக்கிறார்கள்.

படியின் கணக்கு கறாரானது. தளத்துக்குத் தளம் 10½ அடி, அதாவது 126 அங்குலம். ஒரு படியின் உயரம் 7 அங்குலம் என்றால் 18 ஏற்றம். மிதிக்கும் அகலம் 10 அங்குலம். உயரத்தை இரண்டு மடங்காக்கி அகலத்தைக் கூட்டினால் 24 அங்குலம் வரும். சராசரி மனிதரின் காலடி அளவுக்கு இது பொருந்துவதால்தான் முழங்கால் நோகாமல் ஏற முடிகிறது. ஒன்பது ஒன்பதாகத் திரும்பும் படியில் ஒவ்வொரு வரிசைக்கும் 8 மிதி, அதாவது 6 அடி 8 அங்குலம். திரும்பும் தளம் 3 அடி. நீளத்தில் 9 அடி 8 அங்குலமும், ஏறத் தொடங்கும் இடத்தில் நிற்க 3 அடியும் வேண்டும். அகலம் 6 அடிக்குச் சற்று மேல். இதை 8 அடிக்குள் அடக்கச் சொன்னால் மேஸ்திரி அடக்கித் தருவார். அதற்காகப் படியின் உயரத்தை எட்டரை அங்குலமாக்குவார், மிதியை எட்டு அங்குலமாகக் குறைப்பார். வயதானவர்கள் ஒரு வருடத்தில் மாடிக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள்.

படிக்கு அடியில் கழிப்பறை என்பது இன்னொரு கண்ணி. ஒன்பதாம் படியில் திரும்பும் தளத்தின் மேல்பரப்பு 63 அங்குல உயரத்தில் இருக்கும். தளத்தின் கனம், பூச்சு போக 4 அடி 9 அங்குலம்தான் மிச்சம். தலை இடிக்காமல் இருக்கக் கழிப்பறைத் தரையைப் பள்ளமாக்குபவர்கள் உண்டு. மழை வெள்ளத்தில் முதலில் நிரம்புவதும் சாக்கடை எதிர்த்து ஏறுவதும் அங்கேதான். வேண்டுமென்றால் முதல் வரிசையை 12 ஏற்றமாக்கி இரண்டாவதை 6 ஆக்குங்கள். அடியில் ஆறரை அடி உயரம் கிடைக்கும். ஆனால் படியின் நீளம் 12 அடி 2 அங்குலமாகும்.

இனி வெயில். கடலூர், புதுச்சேரிப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம்; இரண்டும் ஏறக்குறைய வடக்கு 12 பாகையில் இருக்கின்றன. ஏப்ரல் 20 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் 20 தாண்டும் வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்கு ஜன்னலில் வெயிலே படாது என்ற பேச்சு இங்கே பொருந்தாது. தெற்கு, வடக்குச் சுவர்களைச் சன்ஷேடு எளிதில் காக்கும். டிசம்பர் நண்பகலில் 2 அடி சன்ஷேடு தெற்கு ஜன்னலில் ஏறக்குறைய 3 அடி வரை நிழல் தரும். மேற்கில் அது நடக்காது. மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 33 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். அதே 2 அடி சன்ஷேடு அங்கே தருவது ஒன்றேகால் அடியைச் சற்றே தாண்டும் நிழல்தான். 9 அங்குலச் செங்கல் சுவர் வாங்கிய சூடு உள்ளே வந்து சேர ஆறேழு மணி நேரமாகும். மாலையில் வாங்கியதை இரவு 10, 11 மணிக்கு, சரியாகப் படுக்கும் நேரத்தில் அறைக்குள் விடும்.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்டே விடுதியைப் பாருங்கள். 1930-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். நீளமான இரு பக்கங்களும் வடக்கையும் தெற்கையும் நோக்கியிருக்கின்றன. அந்த இரு பக்கங்களிலும் திறந்து மூடும் கிடைப்பலகைகள். கூரைத் தளத்துக்கு மேல் காற்று இடைவெளி விட்டு வளைந்த கான்கிரீட் ஓடுகள். நம் 24×32 வீட்டிலும் 32 அடிச் சுவர்கள் வடக்கு, தெற்கு பார்த்தே வருகின்றன. மேற்கில் இருப்பது 24 அடிதான். கிழக்குப் பார்த்த மனையின் பெரிய லாபம் இது.

கன்னி மூலையில் (தென்மேற்கு) பெரிய படுக்கையறை, அக்கினி மூலையில் (தென்கிழக்கு) சமையலறை என்பதைப் பெரும்பாலான குடும்பங்கள் விட்டுக்கொடுக்காது. விட்டுக்கொடுக்கச் சொல்லவும் தேவையில்லை. தென்மேற்கு அறையின் மேற்குச் சுவர் முழுக்க 2 அடி ஆழ அலமாரி வையுங்கள், அது வெப்பத்துக்குத் தடுப்பு. இங்கே வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிப்பது வடக்கு, கிழக்குச் சுவர்களில். அந்தச் சுவர்களை ஒட்டி அலமாரி வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பட்டுப்புடவையில் பூஞ்சை பூக்கும். மேற்கில் அந்தத் தொல்லை குறைவு.

சமையலறைச் சிக்கல் சற்று நுட்பமானது. கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. காற்று முதலில் நுழைவது சமையலறைக்குள். அடுப்புச் சூட்டையும் தாளிப்பு நெடியையும் வாரிக்கொண்டு ஹாலுக்குள் போகும். கிழக்குச் சுவரில் வைத்த எக்ஸாஸ்ட் விசிறி காற்றை எதிர்த்துத் தள்ள முடியாமல் திணறும். புகைக்குழாயை நேரே மொட்டைமாடிக்கு மேல் ஏற்றிவிட்டால், மேலே வீசும் காற்றே புகையை உறிஞ்சும். சமையலறைக்குக் கதவு போடுங்கள். ஹாலுக்குத் தனியாக ஒரு கிழக்கு ஜன்னல் கொடுங்கள்.

காற்றுக்கு நுழைவழி மட்டும் இருந்தால் போதாது, வெளியேறவும் வழி வேண்டும். ஒரே சுவரில் இரண்டு பெரிய ஜன்னல் இருந்தும் அறை புழுங்குவது அதனால்தான். தென்மேற்கு அறையில் தெற்கு ஜன்னல் வழியே காற்று வரட்டும். வெளியேற மேற்குச் சுவரில், அலமாரிக்கு மேல், ஓர் அடி உயர வென்டிலேட்டர் போதும். இரவில் கதவைச் சாத்தினாலும் அது வேலை செய்யும்.

தண்ணீருக்கு வருவோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 24×32 அடிக் கூரையில் அது 32,000 லிட்டர். இதை ஒற்றைக் குழாயில் இறக்கப் பார்க்காதீர்கள். எதிரெதிர் மூலைகளில் இரண்டு 4 அங்குலக் குழாய்களுக்காவது வரைபடத்தில் இடம் வேண்டும்.

தென்பெண்ணை, கெடிலம் ஆற்றங்கரைகளில் பேஸ்மட்டத்தை உயர்த்தாமல் கட்ட யாரும் துணிவதில்லை. உயர்த்துவதற்குத் தரையில் விலை உண்டு. சாலைக்கு மேல் 3 அடி என்றால் அரை அடி உயரத்தில் ஆறு ஏற்றம், ஓர் அடி மிதி ஐந்து. முன்னால் விட்ட 5 அடியும் படிக்கே சரியாகப் போகும். கதவுக்கு வெளியே நின்று செருப்பைக் கழற்ற இடமிருக்காது. படியைச் சுவரோரமாகப் பக்கவாட்டில் திருப்புங்கள், அல்லது சிட்-அவுட்டை வீட்டின் அளவுக்குள் எடுங்கள். வீட்டில் சக்கர நாற்காலி தேவைப்படுபவர் இருந்தால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்வு வேண்டும். 3 அடிக்கு 36 அடி. அதற்கான இடத்தை முதல் நாளே ஒதுக்காவிட்டால் பிறகு கிடைக்காது.

ஆழ்துளைக் கிணற்றுக்கும் செப்டிக் டேங்க்கின் உறிஞ்சு குழிக்கும் நடுவே 50 அடியாவது இருக்க வேண்டும் என்பார்கள். நம் மனையின் மூலைவிட்டமே 50 அடிதான். அதனால் இரண்டையும் எதிரெதிர் மூலைகளில் வைத்தால்தான் அந்தத் தூரத்துக்குக் கிட்டவாவது வரும். பக்கத்து வீட்டுக் குழி எங்கே என்பதையும் பார்த்துவிடுங்கள். மேல்மாடிக் குளியலறை கீழ்க் குளியலறையின் தலைக்கு மேலேயே வரட்டும். ஹாலின் கூரையில் கழிவுக் குழாயைத் திருப்பிக் கொண்டுபோனால் கசிவைத் தேடியே வருடங்கள் போகும்.

பில்லர் 9×12 அங்குலம். 4½ அங்குலச் சுவரில் அது அறைக்குள் துருத்தி நிற்கும். அலமாரி, கதவு நிலை, கட்டில் தலைமாடு மூன்றும் அங்கேதான் மோதும். துருத்தல் எந்த அறைப் பக்கம் வரவேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிட்டால் பொறியாளருக்கு அது எளிது. கம்பி கட்டிய பிறகு யாராலும் முடியாது.

கடைசியாகச் சாமான்கள். வரைபடத்தில் போட்டிருக்கும் கட்டில் படத்தை நம்ப வேண்டாம், அளவுகோலை வைத்துப் பாருங்கள். பல படங்களில் அது ஐந்தரை அடிதான் இருக்கும். கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற அளவில் அட்டையில் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் வெட்டி நகர்த்திப் பாருங்கள். 11 அடி அறையில் 2 அடி அலமாரி, ஆறரை அடிக் கட்டில் போக நடக்க இரண்டரை அடி. சரியாகப் பொருந்துகிறது. ஆனால் கதவு திறந்ததும் சுவிட்சை மறைக்கிறதா என்று பாருங்கள், கீல் எந்தப் பக்கம் என்பதையும் வரைபடத்தில் குறியுங்கள்.

தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டதும் எல்லா அறையும் சிறிதாகத்தான் தெரியும். சுற்றிலும் வெட்டவெளி இருக்கும்போது கண் அப்படித்தான் அளக்கும். பயந்துபோய் அங்கேயே அளவைக் கூட்டச் சொல்லாதீர்கள். கோட்டுக்குள் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு, சுற்றி நடந்து பாருங்கள்.