நடுக்கடலில் ஓர் அதிரச டப்பா

செஷல்ஸ் நாட்டின் கசின் தீவில் இறங்க வேண்டுமானால் கடலிலேயே படகு மாற வேண்டும். பிராலின் தீவிலிருந்து எவ்வளவு சொகுசான படகில் வந்தாலும் அது கரைக்கு எட்டவே நின்றுவிடும். தீவுக் காவலர்களின் படகு வந்து நம்மை ஏற்றிக்கொண்டு, வேகமெடுத்துப் போய் அப்படியே மணலில் ஏறி நிற்கும். வெளிப்படகு எதுவும் அந்தக் கரையைத் தொடக் கூடாது.

ஒருமுறை அப்படி மாறும்போது, தலைநகர் விக்டோரியாவில் கடை வைத்திருக்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் சலித்துக்கொண்டார். “ஓர் எலிக்குப் பயந்தா தம்பி இத்தனை கெடுபிடி?”

“ஆமாம் ஐயா. அது சினை எலியாக இருந்துவிட்டால்?” என்றேன். சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கடற்பறவைகளைக் கணக்கெடுப்பது என் தொழில். இந்தப் பறவைகளைப் போல ஏமாளிகளை நான் பார்த்ததில்லை. வெள்ளை ஆலா என்ற கடற்பறவை கூடே கட்டாது. வெறும் கிளையில் ஒரே ஒரு முட்டையை வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். கிரியோல் மொழியில் ‘ஃபூக்கே’ எனப்படும் ஷியர்வாட்டர் பறவை மண்ணில் வளை தோண்டி ஒரு முட்டை இடும். அது போனால் அந்தப் பருவமே போயிற்று. எலியும் பூனையும் இல்லாத தீவுகளில் பழகிய பறவைகளுக்குப் பயப்படத் தெரியாது. செஷல்ஸின் ஃபிரிகேட் தீவில் 1995இல் எலி புகுந்தது. அதை ஒழிக்க 2000 வரை ஆயிற்று. அங்கிருந்த குண்டுக்கரிச்சான் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் பத்திரப்படுத்திவிட்டு, ஹெலிகாப்டரிலிருந்து விஷ உணவைத் தூவினார்கள். அந்தச் செலவோடு பார்த்தால், படகு மாறும் பத்து நிமிடம் ஒரு பொருட்டா?

கசின் மொத்தமே சுமார் 70 ஏக்கர்தான். ஒரு காலத்தில் தென்னந்தோப்பு. உலகில் முப்பதுக்கும் குறைவாக எஞ்சியிருந்த செஷல்ஸ் கதிர்க்குருவிகள் அங்கேதான் இருந்தன என்பதால், சர்வதேசப் பறவைப் பாதுகாப்பு மன்றம் 1968இல் தீவை விலைக்கு வாங்கியது. 1975இல் அது சிறப்புக் காப்பகமானது. தென்னையைக் குறைத்ததும் பழைய காடு தானாகவே எழுந்து வந்தது. இன்று ஏழு வகைக் கடற்பறவைகள், மூன்று லட்சத்துக்கும் மேல்.

அந்தக் காட்டில் முக்கியமான மரம் நமக்குத் தெரிந்ததுதான். நம் வீட்டு வாசல்களில் வெளிர்மஞ்சள் இலையோடு நிற்குமே லச்சைக்கொட்டைக் கீரை, பருப்போடு கடைவோமே, அதன் இனம். பறவை எச்சத்தில் கொழுத்து வளர்ந்து, நோடி ஆலாக்களுக்குக் கிளையும் கூட்டுக்கு இலையும் தரும் அதே மரம், பசைபோல் ஒட்டும் விதைகளால் அவற்றைக் கொல்லவும் செய்யும். இறகெல்லாம் விதை அப்பிப் பறக்க முடியாமல் கிடக்கும் பறவையைப் பார்த்த பயணிகள், “மரத்தை வெட்டிவிட வேண்டியதுதானே” என்று என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள். பறவை செத்தால் மரத்துக்கும் லாபமில்லை என்றுதான் ஆய்வும் சொல்கிறது. ஆனாலும் வெட்டச் சொல்ல மாட்டேன். பசையில் சிக்கும் பறவைகளைவிட அந்தக் கிளைகளில் குஞ்சு பொரிப்பவை மிக மிக அதிகம். இது நம் கணக்கு அல்ல. மரமும் பறவையும் நாம் வரும் முன்பே முடித்துக்கொண்ட கணக்கு.

பாதையை விட்டு விலகாதீர்கள் என்று காவலர்கள் கத்துவதும் காரணத்தோடுதான். இரண்டடி தள்ளி வைத்தால் கால் ஃபூக்கே வளைக்குள் இறங்கிவிடும். உள்ளே குஞ்சு.

எலி மட்டும்தானா என்றால், இல்லை. செஷல்ஸின் இன்னொரு தீவான பேர்ட் தீவில் 1996இல் எலியை ஒழித்தார்கள். அடுத்து மஞ்சள் பைத்திய எறும்பு பெருகியது. 2022இல் திண்டுக்கல் கரந்தமலைப் பக்கம் கால்நடைகளின் கண்ணைத் தாக்குவதாகச் செய்தி வந்ததே, அதே எறும்புதான். அது மொய்த்த இடங்களை ஆலாக்கள் ஒதுக்கத் தொடங்கின. அதனால்தான் பையின் அடிமடிப்பு, காலணித் தையல், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் உதறச் சொல்கிறேன்.

அன்று பெரியவரின் பையிலும் ஒரு டப்பா இருந்தது. திறந்தால் அதிரசம், மூடியோரம் எறும்புச் சாரை. சாதாரண வீட்டு எறும்பாகவும் இருக்கலாம், நான் உற்றுப் பார்க்க விரும்பவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் மூடி, வந்த படகுக்காரரிடமே நீட்டினார்.

மதியம் நாங்கள் திரும்பியபோது டப்பா காலி. படகுக்காரர் எறும்பின்மேல் பழி போட்டார்.