சத்தமே வைக்கவில்லையே, எப்படிக் கிழிந்தது?

போன வாரமும் பழுது பார்க்க ஒரு ஸ்பீக்கர் வந்தது. 8 அங்குல ஊஃபர், அதாவது பெட்டியில் பேஸ் (தாழ்ந்த ஒலி) தரும் ஸ்பீக்கர். கோனைச் (முன்னால் அதிரும் கூம்பை) சுற்றியுள்ள ஃபோம் பாதி உதிர்ந்துவிட்டது; மீதிக்கு நொடியில் ஒட்டும் பசையும் டேப்பும். பசை கல்லாக இறுகி, கோனை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. அப்படியே மாதக்கணக்கில் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். வாய்ஸ் காயில் (கோனின் பின்னால் காந்தத்தின் இடுக்கில் அசையும் கம்பிச்சுருள்) உரசி உரசி, கடைசியில் கம்பி அறுந்து, மீட்டரில் முள்ளே அசையவில்லை. ஃபோம் வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை.

கொண்டுவருபவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "நாங்க சத்தமே வைக்க மாட்டோமே சார், எப்படிக் கிழிஞ்சுது?"

ஐயா, அது கிழியவில்லை, மக்கிப்போனது. அந்த விளிம்பு பாலியூரித்தேன் ஃபோம். காற்றிலுள்ள ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். 10, 15 ஆண்டுகளில், அதிகம் போனால் 20, 25-இல் உதிர ஆரம்பித்துவிடும். தினமும் பாடினாலும் உதிரும், அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் மூடி வைத்திருந்தாலும் உதிரும். வாங்கியதிலிருந்து ஓட்டவே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்த ஸ்பீக்கரில் விரலை வைத்தால், கறுப்பாகப் பிசுபிசுவென்று கையோடு வருகிறது. சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஃபோமின் ஆயுள் கூடும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்களால் எனக்கு வரும் வேலையே தனி. அதே நம்பிக்கையில்தான் விளிம்பு போன பிறகும் "மெதுவா வச்சுக்கறோம்" என்று ஓட்டுகிறார்கள். காயில் அசையும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கோனை நடுவில் நிறுத்தும் வேலையில் பாதி அந்த ஃபோமுடையது.

ஆகவே தயவுசெய்து முன்பக்க வலையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசலோ உதிர்ந்த தூளோ தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள். விளிம்பு நன்றாக இருந்தால், டஸ்ட் கேப்பின் (கோனின் நடுவில் உள்ள மூடியின்) இரு பக்கமும் விரல்களை வைத்து கோனைச் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். சரசரவென்று உரசினால் உள்ளே காயில் இடிக்கிறது. டஸ்ட் கேப்பை மட்டும் அழுத்தாதீர்கள், அமுங்கிவிடும். ரப்பர் விளிம்பு என்றால் பெரும்பாலும் கவலை இல்லை.

ஃபோம் வளையத்தை நீங்களே மாற்றுகிறீர்களா, சரி. வளையம் வாங்கும்போது வெளிவிட்டம் மட்டும் பார்த்தால் போதாது; உள்விட்டம், மடிப்பின் அகலம், கோனில் ஒட்டும் ஓரத்தின் சாய்வு எல்லாம் பொருந்த வேண்டும். காய்ந்த பிறகும் வளைந்துகொடுக்கும் பசைதான் வேண்டும். பழைய பசையை எடுக்கிறேன் என்று பிளாஸ்டிக் கோனில் தின்னர் ஊற்றாதீர்கள். பசை காய்வதற்குள் கோனை நடுவில் நிறுத்த வேண்டும். நாங்கள் டஸ்ட் கேப்பைத் திறந்து, காயிலுக்கும் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டுக்கும் நடுவே மெல்லிய பிலிம் துண்டுகளைச் செருகுவோம். இரண்டு பெட்டியிலும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றில் போனால் மற்றொன்றும் வரிசையில்தான் நிற்கிறது.

"அதே 8 அங்குலத்தில் புதுசு போட்டுடலாமே" என்பார்கள். ஓட்டைக்குப் பொருந்தும், பெட்டிக்குப் பொருந்தாது. ஊஃபரின் குணத்தை அளந்து அதற்கேற்ற கொள்ளளவில் பெட்டியைக் கணக்கிடும் முறையைப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் எழுதினார்; ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரித்தார். அளவு மட்டும் பார்த்துப் போட்ட ஊஃபரில் பேஸ் ஒன்று குமுறும், இல்லாவிட்டால் காணாமல் போகும்.

கழற்றும்போது ஒன்று. காந்தம் திருப்புளியை வெடுக்கென்று இழுக்கும், நுனி நேராகக் கோனில் இறங்கும். இப்படி ஓட்டை விழுந்த கோன்களும் நிறைய வருகின்றன. திருப்புளியின் நுனியை இன்னொரு கையால் மறைத்துப் பிடியுங்கள். வயரைப் பிடுங்கும் முன் எது பிளஸ் என்று பேனாவால் குறியுங்கள். ஒரு பெட்டியில் மாற்றி மாட்டினால் இரண்டு ஊஃபரும் ஒன்றையொன்று எதிர்த்து அசையும், பேஸ் செத்துவிடும். அதற்கும் புது ஃபோமைத்தான் குறை சொல்வீர்கள்.