மெஷினில் கை சிக்கினால்: 'உன் தப்பு' என்றாலும் இழப்பீடு உண்டு

ரோலரில் ஒட்டியதை எடுக்கும்போது, நழுவிய பெல்ட்டை மாட்டும்போது, பவர் பிரஸ்ஸில் டை (அச்சு) மாற்றும்போது எனப் பராமரிப்பு வேலையில்தான் கை மெஷினுக்கு மிக நெருக்கமாகப் போகிறது. பிரஸ்ஸை ஆஃப் செய்த பிறகும் அதன் ஃப்ளைவீல் (கனமான சக்கரம்) கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓசூர் பட்டறையானாலும், தர்மபுரி பக்கத்து ஜவ்வரிசி ஆலையானாலும், அடிபட்டவர் காதில் முதலில் விழுவது "ஆஃப் பண்ணாம யாரு கைய விடச் சொன்னது?" என்ற கேள்விதான். அதை நம்பி, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத்தின் 51பி பிரிவு இதற்கு நேராகப் பதில் சொன்னது. விதியையோ மேலாளரின் உத்தரவையோ மீறியிருந்தாலும், முதலாளியின் வேலைக்காகச் செய்ததுதான் என்றால் அது வேலையிடக் காயமே. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை தொடர்கிறது.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பணம் வரும்; இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது.

கணக்கு இப்படி. 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு நாள் கூலி சுமார் 500 ரூபாய். குணமாகும் வரை அதில் 90 சதவீதம், அதாவது நாளுக்கு 450 ரூபாய் கிடைக்கும் (விபத்து நடந்த நாள் போக குறைந்தது 3 நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்திருக்க வேண்டும்). கட்டை விரல் முழுதும் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. அந்த 450-இல் 30 சதவீதம் 135 ரூபாய். மாதத்துக்கு 4,000 ரூபாய்க்குப் பக்கம் வாழ்நாள் முழுக்க வரும். மறுபடி வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் இது நிற்காது. ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம். சதவீதத்தை மருத்துவக் குழு முடிவு செய்யும். குறைவாகத் தோன்றினால் 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பல பேர் கோட்டை விடுவது முதல் மணி நேரத்தில். "பைக்கில் விழுந்தேன்னு சொல்லு, செலவை நான் பாத்துக்கறேன்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மருத்துவமனைச் சீட்டில் எந்த மெஷின், எத்தனை மணி என்று எழுத வையுங்கள். பின்னால் வழக்கு முழுக்க அந்த ஒரு வரியில்தான் நிற்கும். விபத்துப் பதிவேட்டில் எழுதி, விபத்து அறிக்கையை (படிவம் 12) இ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. நகல் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஒன்று: துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். நேராக ஐஸில் போட்டால் விரல் கெட்டுவிடும்.

சரி, இ.எஸ்.ஐ. வராத சின்னப் பட்டறை என்றால்? அங்கே முதலாளியே இழப்பீடு தர வேண்டும். தரவில்லையென்றால் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு மனுக்களைக் கேட்கும் அதிகாரியிடம் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மெஷினின் பாதுகாப்பு மூடியைத் தொழிலாளியே வேண்டுமென்றே கழற்றினார் என்று நிரூபித்தால், சாவோ நிரந்தர முழு ஊனமோ அல்லாத காயத்துக்கு முதலாளி தப்பித்துக்கொள்ளலாம். அதனால் மூடி முதலிலேயே இருந்ததா, கழற்றச் சொன்னது யார் என்பதற்கு, உடன் வேலை செய்தவரின் சாட்சி ரொம்ப முக்கியம். மெஷினை அப்போதே போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் போனால் மூடி மாட்டியிருக்கும்.

ஓடும் மெஷினில் எண்ணெய் விடவோ பெல்ட் மாட்டவோ, அதற்கென்றே பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் உள்ளவரைத்தான் அனுப்ப வேண்டும் என்றது, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு. அந்தச் சட்டப்படி, பயிற்சி இல்லாத ஹெல்ப்பரை அந்த வேலைக்கு அனுப்பியிருந்தால் மீறியது நிர்வாகம்தான்.

இ.எஸ்.ஐ.யில் தற்காலிக ஊன உதவி (குணமாகும் வரை வரும் அந்த 90 சதவீதம்) வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கவும் பழைய இ.எஸ்.ஐ. சட்டம் தடை போட்டிருந்தது.