பல்லை வெள்ளையாக்கும் முன்: சின்ன வயதில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்?

தை பிறந்ததும், ஆடி கழிந்ததும் எங்கள் பக்கத்துப் பல் மருத்துவமனைகளில் ஒரு தனிக் கூட்டம் வரும். கிருஷ்ணகிரி, வேப்பனப்பள்ளி, பர்கூர், எல்லை தாண்டி ஆந்திராவின் குப்பம் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் வருவார்கள். நிச்சயம் முடிந்திருக்கும், மண்டபமும் பிடித்திருப்பார்கள். பெண்ணையோ பையனையோ கூட்டிக்கொண்டு அம்மா வந்து உட்காருவார். "பல்லு பளிச்சுன்னு ஆகணும் மேடம். ஒரே நாள்ல லைட்டு வச்சுப் பண்ணிடுவாங்களாமே?" பாதி தமிழ், பாதி தெலுங்கு பேசும் குடும்பங்களும் வரும். அவர்கள் கேட்பதும் இதைத்தான்.

பல்லைப் பார்ப்பதற்கு முன்பே நான் விசாரிப்பது சின்ன வயதைப் பற்றி. எந்த ஊரில் வளர்ந்தீர்கள், வீட்டில் குடித்தது போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? பல் விஷயத்துக்கு இது எதற்கு என்று சிலர் முகத்தில் கேள்வி தெரியும். எங்கள் மாவட்டத்தில் பல் வெண்மையாக்கம் என்ற பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பல்லில் கறை இரண்டு இடங்களில் இருக்கலாம். துணி மேல் சிந்திய குழம்பு அலசினால் போய்விடும், நூலிலேயே ஏறிய சாயம் அலசினால் போகாது. டீ, வெற்றிலை, புகையிலை, நாள்பட்ட காரை எல்லாம் பல்லின் மேல் படிந்தவை. இவற்றுக்கு, கருவியால் காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்கும் பாலிஷும் போதும். வெண்மையாக்கம் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. காரை சேர்ந்து ஈறு ஏற்கெனவே இறங்கியிருந்தால், காரையை எடுத்த பிறகுதான் அந்த ஆட்டமும் இடைவெளியும் கண்ணுக்குத் தெரியும். ஆட வைத்தது காரைதான்.

உள்ளே ஏறிய நிறம் வேறு விஷயம். பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கு இயல்பிலேயே மஞ்சள் கலந்தது. வயது கூடக் கூட எனாமல் தேயும், மஞ்சள் கூடுதலாகத் தெரியும். அடிபட்டுச் செத்த பல் சாம்பல் நிறமாகும். குழந்தைப் பருவத்தில் சாப்பிட்ட டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையால் பட்டை பட்டையாகக் கறை விழும். எங்கள் பக்கத்தில் இவை எல்லாவற்றையும் விட அதிகம் பார்ப்பது ஃப்ளோரோசிஸ், அதாவது குடிநீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லில் வரும் பாதிப்பு.

இந்த நிலம் பாறை நிலம். கிரானைட் குவாரிகளைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பாறைகளில் ஃப்ளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. ஆழமான போரில் பல காலம் பாறையோடு ஒட்டிக் கிடக்கும் தண்ணீரில் அது கரைகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை. இதைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தை தொடர்ந்து குடித்தால், தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் எனாமல் சரியாக இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடும். பல் முளைக்கும்போது சுண்ணாம்பு பூசியது போல் வெளிறித் தெரியும். பழுப்பு நிறம் அப்புறம்தான் வரும், அந்தத் துளைகளில் கறை இறங்க இறங்க. அதனால்தான் "முளைக்கும்போது வெள்ளையாத்தான் இருந்துச்சுங்க" என்று அம்மாக்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

இது எங்கள் ஊரின் புதுக் கதையும் இல்லை. 1937-லேயே, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஃப்ளோரைடு பாதிப்பைப் பற்றி மருத்துவ ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. அது செயல்பாட்டுக்கு வந்தது 2013-ல். ஆனால் மேல் முன்பற்களின் எனாமலுக்கு முதல் மூன்று வயதுதான் மிக முக்கியமான காலம். இன்று கல்யாண வயதில் இருக்கும் பிள்ளைகளின் முன்பற்கள் காவிரித் தண்ணீர் வருவதற்கு முன்பே, போர் தண்ணீரில் உருவாகி முடிந்தவை. அவர்கள் பல் விளக்காதவர்கள் என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். கை வைத்து வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு, கரி, செங்கல்பொடி என்று எதையெதையோ போட்டு ரத்தம் வரத் தேய்த்தவர்களும் வருகிறார்கள். அந்தக் கறை தேய்த்துப் போகக்கூடியது இல்லை. தேய்ந்துபோவது எனாமல்தான், அது திரும்ப வளராது. எனாமல் மெலிந்த பல் இன்னும் மஞ்சளாகவே தெரியும்.

சரி, மருத்துவமனையில் என்ன செய்கிறோம்? வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது எனாமலுக்குள் ஊடுருவி, நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. நாற்காலியில் உட்காரவைத்துச் செய்யும்போது 25 முதல் 40 சதவீதச் செறிவுள்ள ஜெல் பயன்படும். அதனால் முதலில் ஈறின் மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு போட்டு இறுக வைப்போம். இது இல்லாமல் ஜெல் போட்டால் ஈறு வெந்து வெளுத்துவிடும். நீல விளக்குக்காகத்தான் பலர் கூடுதல் பணம் தருகிறார்கள். அந்த விளக்கால் கிடைக்கும் கூடுதல் பலன் மிகக் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. வெளுக்க வைப்பது ஜெல்தான். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முறையில் உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய டிரேயில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை வைத்து, இரவில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஆகும். பொறுமை வேண்டும், ஆனால் கூச்சம் குறைவு. அவசரம் இல்லாதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஃப்ளோரோசிஸ் பல்லில் வெண்மையாக்கம் மட்டும் செய்தால் ஏமாற்றம் வரலாம். முதல் சில நாட்கள் வெள்ளைத் திட்டுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மணப்பெண் கண்ணாடி பார்த்து அழுவாள். பிறகு சுற்றியுள்ள பகுதியும் வெளுத்து வேறுபாடு குறையும். லேசான பழுப்புக்கு, அமிலம் கலந்த பசையால் எனாமலின் மேற்பரப்பை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போல மெல்ல எடுக்கும் மைக்ரோ அப்ரேஷன் முறை உண்டு. அதன் பின் வெண்மையாக்கம் செய்தால் பலன் நன்றாக இருக்கும். பல்லில் குழி விழுந்த அளவுக்குப் போயிருந்தால் பல் நிறப் பசையான காம்போசிட் பூச்சோ, பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடான வெனீரோதான் வழி. எது உங்களுக்கு என்று பல்லைப் பார்க்காமல் போனில் யாராலும் சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப மனசு வராது. ஆனாலும் ஒரு மாதமாவது முன்னால் வாருங்கள். ஜெல் போட்ட அன்று பல் ஈரம் இழந்து அதிக வெளுப்பாகத் தெரியும். உண்மையான நிறம் நிலைக்க இரண்டு வாரம் வரை ஆகும். சில நாள் பல் கூசும், சிலருக்குச் சுரீரென்று வலிக்கும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் உதவும். இரண்டு நாளைக்கு டீ, காபி, மஞ்சள் தூக்கலான குழம்பு, பீட்ரூட் வேண்டாம். எங்கள் ஊரில் சீசனில் மாங்காய் சாப்பிடாதே என்று சொல்வது கஷ்டம்தான், ஆனால் அந்தப் புளிப்பு கூசும் பல்லுக்கு ஆகாது. இட்லி, தேங்காய்ச் சட்னி, தயிர்ச் சாதம் என்று இரண்டு நாள் ஓட்டுங்கள். முன்பல்லில் கேப்போ பழைய அடைப்போ இருந்தால் அதன் நிறம் மாறாது. புது அடைப்பு தேவைப்பட்டால் வெண்மையாக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் போட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் நான் இதைச் செய்வதில்லை. சொத்தையும் ஈறு நோயும் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். 18 வயதுக்குக் கீழே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் அந்த வயதினருக்கு இதற்கு அனுமதி இல்லை, 0.1 சதவீதத்துக்கு மேல் பெராக்சைடு உள்ள பொருட்களைப் பல் மருத்துவர் வழியாக மட்டுமே தர முடியும். இங்கே பியூட்டி பார்லரில் மேக்கப்போடு சேர்த்துப் பல்லுக்கும் ஜெல் போடுவதைக் கேள்விப்படும்போது பதறுகிறது. சொத்தை இருக்கிறதா, எனாமலில் விரிசல் இருக்கிறதா என்று அங்கே யார் பார்ப்பது?

பாக்கு, புகையிலைக் கறையைப் போக்க வரும் ஆண்களிடம் நான் பல்லுக்கு முன் கன்னத்தின் உட்புறத்தைத்தான் பார்ப்பேன். துடைத்தால் போகாத வெள்ளைப் படை, காரம் பட்டால் எரிச்சல், வாய் முன்போல் அகலத் திறக்காமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வெண்மையாக்கம் பிறகுதான். அவை புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களாக இருக்கலாம். கறையைக் காட்ட வந்த இடத்தில் இதைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்ப முடிந்தால், அன்றைய என் வேலையில் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

அக்காவைக் கூட்டிவரும் அம்மாவின் இடுப்பில் சில நேரம் ஒரு கைக்குழந்தையும் இருக்கும். அந்தக் குழந்தையின் பல்லுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஏறக்குறைய எட்டு வயதுக்குள் பற்களின் எனாமல் உருவாகி முடிந்துவிடும். அதுவரை குடிநீரும் சமையல் தண்ணீரும் எங்கிருந்து வருகின்றன என்று கவனியுங்கள். பஞ்சாயத்துக் குழாயில் காவிரித் தண்ணீர் வந்தாலும், தோட்டத்தில் இருக்கும்போது போர் தண்ணீரைத்தான் குழந்தைக்கும் கொடுக்கிறோம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். குப்பம் பக்கத்தவர்கள் அங்குள்ள ஊரகக் குடிநீர்த் துறையில் விசாரியுங்கள். காய்ச்சி ஆறவைத்துத்தான் கொடுக்கிறோம் என்று பலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் அதை எடுக்காது. ஆர்.ஓ. இயந்திரம் பெருமளவு குறைக்கும். பேஸ்ட் மூன்று வயது வரை அரிசி அளவு, அதன் பின் பட்டாணி அளவு போதும். துப்பக் கற்றுக்கொள்ளும் வரை பக்கத்தில் நின்று நீங்களே விளக்கிவிடுங்கள்.