சாசானிய வெள்ளிக் காசைத் துலக்காதீர்கள்

பழைய பாரசீக வெள்ளிக் காசுகளை அடையாளம் காட்டும்படி என்னிடம் கொண்டு வருபவர்களில் பலர், அவற்றைப் பளபளவென்று துலக்கிய பிறகே வருகிறார்கள். வெள்ளிக் குத்துவிளக்கு துலக்கிப் பழகிய கை பற்பசையையும் புளியையும் தேடுவது இயல்புதான். ஆனால் கி.பி. 224 முதல் 651 வரை ஈரானை ஆண்ட சாசானியரின் வெள்ளிக் காசான திரம்மம், ஏறத்தாழ 4 கிராம் எடையில் அகலமாகத் தட்டப்பட்ட மெல்லிய தகடு; கறை போகும்போது அதன் சான்றும் சேர்ந்து தேய்ந்து போகிறது.

முகப்பில் வலப்புறம் நோக்கும் மன்னரை முகத்தை வைத்து அறிய முடியாது. மணிமுடியை வைத்தே அறிய வேண்டும். ஒவ்வொரு மன்னரும் தமக்கெனத் தனி முடி சூடினார். அதன் உறுப்புகள் தெய்வங்களைச் சுட்டின. முதலாம் பஹ்ராமின் முடியிலுள்ள கதிர்கள் மித்ராவுக்குரியவை; இரண்டாம் குஸ்ரோவின் முடியில் விரியும் இறக்கைகளை வெற்றித் தெய்வமான வெரெத்ரக்னாவோடு இணைத்துப் பார்க்கிறார்கள். பேரோஸைப் போல ஆட்சிக்காலத்திலேயே முடியை மாற்றியவரும் உண்டு. இறக்கையின் நுனி மழுங்கினால் காசுக்கு உரியவர் யாரென்பதே ஐயத்துக்கு உள்ளாகும்.

பின்புறத்தில் இருப்பது பார்சிகள் பின்பற்றும் சொராஸ்திரிய சமயத்தின் தீபீடம், அதாவது புனிதத் தீ எரியும் மேடை. முதலாம் அர்தஷீரின் காசில் தனித்திருந்த பீடத்துக்கு, அவர் மகன் முதலாம் ஷாப்பூர் காலம் முதல் இருபுறமும் இருவர் துணை நிற்கின்றனர். பிற்காலக் காசுகளில் பீடத்தின் இடப்புறம் ஆட்சியாண்டும், வலப்புறம் காசு அடித்த அக்கசாலையின் சுருக்கமும் எறும்புக் கால்களைப் போன்ற பஹ்லவி எனும் பழைய பாரசீக எழுத்துகளில் இருக்கும். முதலில் மறைவது இவைதான்.

பீடத்தின் நடுப்பகுதி மங்கியிருந்தால் அது தேய்மானம் என்று முடிவுகட்ட வேண்டாம். தகடு மெல்லியதாகையால், மறுபக்கத்தில் மன்னரின் முகம் உயர்ந்தெழும் இடத்தில் பின்புற உருவம் சரியாகப் பதியாமல் போவதுண்டு. தெளிவுபெறத் தேய்த்தாலும் இல்லாத உருவம் வராது. மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். வளைந்த காசை நிமிர்த்த முயன்றால் உடைந்துவிடும். விளிம்பைப் பிடித்து, பக்கவாட்டில் ஒளி விழச் செய்து, இருபுறமும் படம் எடுங்கள். அடையாளம் காண எனக்கு அதுவே போதும்.

சாசானியரை வென்று ஈரானை ஆண்ட அரபு ஆளுநர்கள் 7ஆம் நூற்றாண்டில் குஸ்ரோவின் உருவத்தையும் தீபீடத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஓரத்தில் ‘பிஸ்மில்லாஹ்’ என்று அரபியில் சேர்த்துக் காசு அடித்தார்கள். கலீபா அப்துல் மாலிக் 690களின் இறுதியில் உருவங்களை நீக்கி எழுத்து மட்டும் கொண்ட திர்ஹம் என்ற வெள்ளிக் காசைக் கொண்டுவரும்வரை இவ்வழக்கம் பரவலாக நீடித்தது. ஆகையால் கறுப்பேறிய குஸ்ரோ காசு கையில் கிடைத்தால், முகப்பின் வட்டத்துக்கு வெளியே, அந்த அரபுச் சொல் இருக்கக்கூடிய வலப்பக்கக் கீழ் ஓரத்தை முதலில் உருப்பெருக்கியில் பாருங்கள்.